ஏழுக்கு ஏழு, பிறகு பத்துக்கு நான்கு

2022இல் வட கரோலைனா மாநிலம் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்கு 14 பேரைத் தேர்ந்தெடுத்தது. குடியரசுக் கட்சியிலிருந்து ஏழு பேர், ஜனநாயகக் கட்சியிலிருந்து ஏழு பேர். 2024இல் அதே மாநிலம் மீண்டும் 14 பேரைத் தேர்ந்தெடுத்தது. இம்முறை குடியரசுக் கட்சிக்குப் பத்து, ஜனநாயகக் கட்சிக்கு நான்கு. இடையில் மக்களின் மனம் பெரிதாக மாறியிருந்தால் இதில் வியக்க ஒன்றுமில்லை. ஆனால் 2022இல் மாநிலம் முழுவதும் வாக்களித்த செனட் போட்டியில் குடியரசுக் கட்சி வென்ற வித்தியாசம் சுமார் 3 சதவீதம். 2024இல் டொனால்ட் டிரம்ப் இங்கே வென்ற வித்தியாசமும் சுமார் 3 சதவீதம். மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். 2023 அக்டோபரில் மாநிலச் சட்டமன்றம் தொகுதிகளின் எல்லைக்கோடுகளை மாற்றி வரைந்தது. மூன்று இடங்கள் கைமாறின.

நான் இந்த மாநிலத்தில் வாக்களிப்பவன். இங்கே வாக்குச்சீட்டு நீளமானது. அதிபர், ஆளுநர், துணை ஆளுநர், அட்டர்னி ஜெனரல், தணிக்கையாளர், மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி என்று வரிசையாக வட்டங்களை நிரப்பிக்கொண்டே வர வேண்டும். 2024இல் ஒரே தாளில் இந்த மாநிலத்து மக்கள் டிரம்பைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆளுநராக ஜனநாயகக் கட்சியின் ஜோஷ் ஸ்டைனை ஏறக்குறைய 15 சதவீத வித்தியாசத்தில் தேர்ந்தெடுத்தார்கள். துணை ஆளுநர், அட்டர்னி ஜெனரல் பதவிகளையும் அவர் கட்சிக்கே கொடுத்தார்கள். தணிக்கையாளர், கருவூலப் பொறுப்பாளர் பதவிகளைக் குடியரசுக் கட்சிக்குக் கொடுத்தார்கள். ஆளைப் பார்த்து, பதவியைப் பார்த்து, கட்சி தாண்டி வாக்களிக்கத் தெரிந்த மாநிலம் இது. அதே தாளில் பிரதிநிதிகள் சபைக்கான வட்டத்தை நிரப்பும்போது மட்டும் கை தயங்குகிறது. 14 தொகுதிகளில் ஒன்றே ஒன்றில்தான் முடிவு தெரியாத போட்டி இருந்தது. மற்ற பதின்மூன்றிலும் யார் வெல்வார் என்பது வேட்புமனு தாக்கலுக்கு முன்பே தெரிந்த செய்தி.

இதைப் பற்றி மேரிலாந்தில் வசிக்கும் ஒரு நண்பரிடம் தொலைபேசியில் பொருமிக்கொண்டிருந்தேன். என்னைவிட மூத்தவர், அண்ணா என்றுதான் அழைப்பேன். நெடுங்காலமாகக் குடியரசுக் கட்சிக்கு வாக்களிப்பவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “தம்பி, உங்களுக்கு 2024இல் நடந்தது எங்களுக்கு 2012இலேயே நடந்துவிட்டது. அப்போது எங்களுக்காக யாரும் கண்ணீர் விடவில்லை. இரண்டு கட்சிகளும் செய்வதுதானே, விட்டுத் தள்ளுங்கள்.” விட்டுத் தள்ள முடியவில்லை. அவர் சொன்ன தகவல் முழுக்க உண்மை. அதிலிருந்து அவர் வந்து சேர்ந்த இடம்தான் உறுத்தியது. அந்த உறுத்தலைப் பிடித்துக்கொண்டு பழைய தேர்தல் முடிவுகளையும் தீர்ப்புகளையும் வாசிக்கத் தொடங்கினேன்.

654 வாக்குகள்

ஒரு கட்சிக்குச் சாதகமாகத் தொகுதி எல்லைகளை வளைத்து வரையும் ஜெரிமாண்டரிங் எப்படி வேலை செய்கிறது என்பதற்குக் கற்பனைக் கட்டங்களை வரைந்து விளக்கும் படங்களை எல்லாரும் பார்த்திருப்போம். எனக்கு அவற்றைவிட 2012இல் வட கரோலைனாவில் வந்த முடிவே தெளிவாகப் பேசுகிறது. அந்த ஆண்டு மாநிலம் முழுவதும் ஜனநாயகக் கட்சியின் பிரதிநிதிகள் சபை வேட்பாளர்கள் வாங்கிய வாக்குகள், குடியரசுக் கட்சியினர் வாங்கியதைவிடச் சுமார் 81,000 அதிகம். கிடைத்த இடங்கள் 13இல் நான்கு. அந்த நான்கில் மூன்றை அவர்கள் எப்படி வென்றார்கள் என்று பாருங்கள்: ஏறக்குறைய முக்கால் பங்கு வாக்குகளோடு, அதற்கும் மேலே. நான்காவதில் வெறும் 654 வாக்குகளில் தப்பினார்கள். எதிர்த்தரப்பு வென்ற ஒன்பது தொகுதிகளிலோ வெற்றி விகிதம் பெரும்பாலும் ஐம்பதுகளில், ஓரிரண்டில் அறுபதைச் சற்றுத் தாண்டி. ஒரு கட்சியின் வாக்காளர்களைச் சில தொகுதிகளுக்குள் திணித்து அடைத்துவிட்டு, மிச்சமுள்ளவர்களை மற்ற தொகுதிகளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தோற்கும் அளவுக்குத் தூவிவிட்டார்கள். வென்ற இடத்தில் வாக்குகள் வீணாக வழிந்தன, தோற்ற இடத்தில் போதாமல் போயின. எந்த வாக்கும் அழிக்கப்படவில்லை. எந்தப் பெட்டியும் களவு போகவில்லை. எண்ணிக்கை முழுக்க நேர்மையாக நடந்தது. இதனால்தான் இந்த அநியாயத்தைக் கண்டு கோபம் வருவதற்குத் தாமதமாகிறது.

அதே ஆண்டு பென்சில்வேனியாவிலும் ஜனநாயகக் கட்சிக்கு அதிக வாக்குகள். இடங்கள் 18இல் ஐந்து. நாடு முழுவதையும் கூட்டினால் பத்து லட்சத்துக்கும் மேல் அதிக வாக்குகள் வாங்கிய கட்சி 201 இடங்களோடு சிறுபான்மையில் உட்கார்ந்தது. மற்றது 234 இடங்களோடு சபையை நடத்தியது. இது தற்செயல் அல்ல. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு வரைபடம் வரையும் அதிகாரம் யாரிடம் இருக்கும் என்பதைக் கணக்கிட்டு, அந்த ஆண்டின் மாநிலச் சட்டமன்றத் தேர்தல்களில் குடியரசுக் கட்சி பெரும் பணத்தை இறக்கியது. திட்டத்துக்கு ரெட்மேப் என்று பெயரும் வைத்திருந்தார்கள். ஒளிவுமறைவே இல்லை.

அழகான வரைபடம்

கோணல்மாணலான தொகுதியைக் காட்டிச் சிரிப்பது இந்த விஷயத்தில் பழகிப்போன வழி. 1812இல் மாசசூசெட்ஸின் எசெக்ஸ் கவுண்டியில் வளைந்து நெளிந்த தொகுதிக்குச் சிறகும் நகமும் வரைந்த கேலிச்சித்திரத்திலிருந்தே அது தொடங்கிவிட்டது. வட கரோலைனாவின் பழைய பன்னிரண்டாவது தொகுதியும் அப்படித்தான்: சார்லட்டிலிருந்து கிரீன்ஸ்பரோ பக்கம்வரை நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு பாம்பு போல ஊர்ந்து கிடந்தது. அந்தத் தொகுதியும் இன்னொன்றும் இன அடிப்படையில் வரையப்பட்டவை என்று 2016 பிப்ரவரியில் கூட்டாட்சி நீதிமன்றம் ரத்து செய்தது. புதிய வரைபடம் வேண்டும். அதை வரைவதற்கான குழுவில் பேசிய சட்டமன்ற உறுப்பினர் டேவிட் லூயிஸ், பத்து குடியரசுக் கட்சியினருக்கும் மூன்று ஜனநாயகக் கட்சியினருக்கும் சாதகமாக வரைவோம் என்று முன்மொழிந்தார். பதினொன்றுக்கு இரண்டு என்று வரைய முடியும் எனத் தோன்றவில்லை, அதனால்தான் பத்துக்கு மூன்று என்று காரணமும் சொன்னார். பொதுக் கூட்டத்தில், பதிவேட்டில் ஏறும்படி சொன்னார்.

அப்படிப் பிறந்த 2016 வரைபடம் பார்க்க அழகானது. பாம்பு இல்லை, சிறகு இல்லை. தொகுதிகள் கச்சிதமாக, முன்பைவிட மிகக் குறைவான கவுண்டிகளை மட்டும் வெட்டிக்கொண்டு இருந்தன. சுவரில் மாட்டினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். முடிவு, சொன்னபடி பத்துக்கு மூன்று. கிரீன்ஸ்பரோவில் உள்ள வட கரோலைனா ஏ அண்ட் டி, நாட்டிலேயே அதிக மாணவர்கள் படிக்கும் கறுப்பினப் பல்கலைக்கழகங்களில் முதன்மையானது. அந்த நேர்த்தியான கோடு அதன் வளாகத்துக்குள் லாரல் தெரு வழியாகப் போனது. தெருவின் ஒரு பக்க விடுதி ஒரு தொகுதி, எதிர்ப்பக்கம் வேறு தொகுதி. இரண்டு பாதிகளும் இரண்டு பெரிய தொகுதிகளில் கரைந்தன. மேலிருந்து பார்த்தால் நேர்த்தி. தெருவில் நின்று பார்த்தால் வெட்டு.

ஆகவே உருவத்தை வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. அப்படியானால் வாக்கு விகிதத்தையும் இட விகிதத்தையும் ஒப்பிட்டாலே போதுமா? அங்கும் ஒரு சிக்கல் இருக்கிறது. அண்ணா அதைச் சரியாகப் பிடித்தார். “மாசசூசெட்ஸைப் பாருங்கள். மூன்றில் ஒருவர் எங்கள் கட்சி. ஒன்பது இடங்களில் ஒன்றுகூட எங்களுக்கு இல்லை. அது என்ன நியாயம்?” என்றார். நியாயம் இல்லைதான். ஆனால் அங்கே கணிதவியலாளர்கள் ஒரு வினோதமான உண்மையைக் கண்டுபிடித்தார்கள். குடியரசுக் கட்சி வாக்காளர்கள் அந்த மாநிலத்தில் எல்லா ஊர்களிலும் ஏறக்குறைய ஒரே அளவில் பரவிக் கிடக்கிறார்கள். பல தேர்தல்களின் முடிவுகளை வைத்துப் பார்த்தால், எவ்வளவு நல்ல எண்ணத்தோடு கோடு போட்டாலும் அவர்களுக்குப் பெரும்பான்மை கிடைக்கும் ஒரு தொகுதியைக்கூட உருவாக்க முடியாது. அங்கே அநீதி இழைப்பது தொகுதிக்கு ஒருவர் என்ற முறையே. இதன் மறுபக்கமும் உண்டு. ஜனநாயகக் கட்சி வாக்காளர்கள் பெருநகரங்களில் நெருங்கி வாழ்வதால், யாரும் சூழ்ச்சி செய்யாமலே அவர்களுக்குச் சில மாநிலங்களில் இடங்கள் குறைகின்றன. மாநில மொத்த வாக்கு என்ற எண்ணிலும் ஓட்டைகள் இருக்கின்றன. 2024இல் வட கரோலைனாவின் இரண்டு தொகுதிகளில் ஜனநாயகக் கட்சி வேட்பாளரே கிடையாது. அங்கே வசிக்கும் அந்தக் கட்சிக்காரர்கள் கூட்டலில் எங்கும் வர மாட்டார்கள். தோல்வி உறுதி என்று வரைபடம் சொல்லிவிட்டதால் ஆள் நிற்கவில்லை. ஆள் நிற்காததால் வாக்கு பதிவாகவில்லை.

இந்தச் சிக்கலுக்கு நல்ல விடை, வரைந்திருக்கக்கூடிய மற்ற வரைபடங்களோடு ஒப்பிடுவது. 2016 வரைபடத்தை எதிர்த்த வட கரோலைனா வழக்கில் ஒரு நிபுணர், சட்டமன்றம் தானே வகுத்துக்கொண்ட விதிகளில் கட்சிச் சாதகம் என்பதை மட்டும் நீக்கிவிட்டு, கணினியை வைத்து 3,000 வரைபடங்களை உருவாக்கினார். ஆளும் கட்சியின் வரைபட நிபுணர் பயன்படுத்திய அதே வாக்கு விவரங்களை அவற்றில் போட்டுப் பார்த்தார். நகர நெருக்கம், கவுண்டி எல்லை எல்லாம் அந்த 3,000இலும் அப்படியே இருந்தன. 3,000இல் ஒவ்வொன்றிலும் ஜனநாயகக் கட்சிக்குக் குறைந்தது ஓர் இடம் கூடுதலாகக் கிடைத்தது; 77 சதவீத வரைபடங்களில் மூன்று அல்லது நான்கு இடங்கள் கூடின. இயல்பான சாய்வு எவ்வளவு, திட்டமிட்ட சாய்வு எவ்வளவு என்று பிரித்துக் காட்ட முடியாது என இனி யாரும் சொல்ல முடியாது.

அசையாத 63

ஆனாலும் எண்ணிக்கைப் பொருத்தம் எனக்கு முதல் கவலை இல்லை. 52 சதவீத வாக்குக்கு 55 சதவீத இடம் கிடைத்தால் நான் தூக்கத்தை இழக்க மாட்டேன். எல்லாத் தேர்தல் முறைகளும் எதையாவது சற்று மிகைப்படுத்தும். நான் அஞ்சுவது வேறு. அதை விஸ்கான்சின் காட்டியது.

2011இல் அந்த மாநிலத்தின் சட்டமன்றத் தொகுதி வரைபடம், தலைமைச் சட்டமன்றக் கட்டடத்துக்கு அருகே ஒரு தனியார் வழக்கறிஞர் அலுவலகத்தில் தயாரானது. குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் தங்கள் சொந்தத் தொகுதியின் புதிய எல்லையைப் பார்ப்பதற்கே இரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டியிருந்தது. 2012இல் 48.6 சதவீத வாக்குகளோடு அந்தக் கட்சி 99இல் 60 இடங்களைப் பிடித்தது. 2014 அவர்களுக்கு நல்ல ஆண்டு. ஆளுநர் ஸ்காட் வாக்கர் ஏறக்குறைய 6 சதவீத வித்தியாசத்தில் வென்றார். சட்டமன்றத்தில் 63 இடங்கள். 2018 அவர்களுக்குக் கெட்ட ஆண்டு. வாக்கர் தோற்றார். மாநிலம் தழுவிய பதவிகள் அனைத்திலும் ஜனநாயகக் கட்சி வென்றது. சட்டமன்றத்தில் குடியரசுக் கட்சிக்கு எத்தனை இடங்கள்? அதே 63.

இந்த எண்ணைப் பார்த்த பிறகு நான் இந்த விஷயத்தை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். தட்டில் எதை வைத்தாலும் முள் ஒரே எண்ணைக் காட்டினால் அது தராசு இல்லை. ஒரு சட்டமன்றம் கோபமான வாக்காளரையும் மகிழ்ச்சியான வாக்காளரையும் ஒரே விதமாக எண்ணினால், அங்கே நடந்ததற்குத் தேர்தல் என்ற பெயர் மட்டுமே பொருந்தும். உறுப்பினர்கள் மக்களுக்கு அஞ்ச வேண்டிய தேவை போய்விடுகிறது. அவர்கள் அஞ்சுவது சொந்தக் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலுக்கு மட்டுமே. அங்கே வாக்களிப்பவர்கள் குறைவு, தீவிரமானவர்கள் அதிகம். 2018 டிசம்பரில், புதிய ஆளுநர் டோனி எவர்ஸ் பதவியேற்பதற்கு முன்பே, குடியரசுக் கட்சிப் பெரும்பான்மை கொண்ட பழைய சபையும் செனட்டும் அவசரமாகக் கூடி அவருடைய அதிகாரங்களில் சிலவற்றைக் குறைத்துச் சட்டம் இயற்றின. மக்கள் மாற்றியதை மாறாதவர்கள் திருத்தினார்கள்.

1812இலும் நடந்தது இதுவே. கேலிச்சித்திரத்துக்குக் காரணமான ஆளுநர் எல்பிரிட்ஜ் கெரி அந்த ஆண்டே தேர்தலில் தோற்றார். மாநில செனட்டில் எதிர்த்தரப்பான ஃபெடரலிஸ்டுகளுக்குச் சற்றே அதிக வாக்குகள் விழுந்தும், 40 இடங்களில் 29 கெரியின் கட்சிக்கே போயின. ஆளுநர் பதவிக்கு மாநிலமே ஒரு தொகுதி. அங்கே கோடு போட முடியாது. செனட்டுக்கு முடியும்.

விஸ்கான்சினில் அந்த முள் இப்போது கொஞ்சம் அசைகிறது. 2023 டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் பழைய வரைபடத்தை ரத்து செய்தது. 2024 பிப்ரவரியில் எவர்ஸ் புதியதில் கையெழுத்திட்டார். அந்த நவம்பரில் டிரம்ப் மாநிலத்தை ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் வென்றார்; சட்டமன்றம் 54க்கு 45 என்று அமைந்தது. அங்கே குடியரசுக் கட்சியின் பெரும்பான்மையே தொடர்ந்தது. எனக்கு அதில் குறையில்லை. இனி அவர்கள் தோற்கவும் முடியும்.

ஒரே தீர்ப்பில் இரண்டு மாநிலங்கள்

அண்ணாவிடம் திரும்பிப் போக வேண்டும். அவர் வசிப்பது ஃபிரெடெரிக் பகுதியில். மேரிலாந்தின் ஆறாவது தொகுதி இருபது ஆண்டுகளாக ராஸ்கோ பார்ட்லெட் என்ற குடியரசுக் கட்சிக்காரரைத் தேர்ந்தெடுத்து வந்தது. 2011இல் ஜனநாயகக் கட்சி ஆளும் சட்டமன்றம் அந்தத் தொகுதியைப் பிரித்துப் போட்டது. மலைப்பக்கத்து ஊர்களோடு வாஷிங்டனை ஒட்டிய மான்ட்கமரி கவுண்டியின் மக்களைச் சேர்த்தது. ஃபிரெடெரிக் கவுண்டியின் பெரும்பகுதியை வேறு தொகுதிக்கு அனுப்பியது. 2012இல் பார்ட்லெட் தோற்றார். எட்டு இடங்களில் ஆறுக்கு இரண்டாக இருந்தது ஏழுக்கு ஒன்றானது. அப்போதைய ஆளுநர் மார்ட்டின் ஓமாலி, ஜனநாயகக் கட்சிக்காரர் வெல்லும் தொகுதியை உருவாக்குவதே தம் நோக்கம் என்று பின்னாளில் சத்தியப் பிரமாண வாக்குமூலத்தில் ஒப்புக்கொண்டார்.

தீர்ப்புகளை வாசித்துக்கொண்டு வரும்போது என்னை நிறுத்திய இடம் இது. அண்ணாவின் தொகுதியும் என் மாநிலமும் ஒரே வழக்கில் இருந்தன. வட கரோலைனாவின் 2016 வரைபடத்தையும் மேரிலாந்தின் ஆறாவது தொகுதியையும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சேர்த்தே விசாரித்தது. 2019 ஜூன் 27 அன்று ரூச்சோ வழக்கு என்று அறியப்படும் ஒரே தீர்ப்பை வழங்கியது. ஒரு பக்கம் குடியரசுக் கட்சி செய்தது, மறுபக்கம் ஜனநாயகக் கட்சி செய்தது. இரண்டு இடங்களிலும் கீழ் நீதிமன்றங்கள் வரைபடம் செல்லாது என்று சொல்லியிருந்தன. இரண்டு இடங்களிலும் செய்தவர்களின் வாயாலேயே நோக்கம் வெளிவந்திருந்தது. ஒரு கட்சிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார்கள் என்று யாரும் குற்றம் சொல்ல முடியாதபடி இதைவிடச் சமமான ஒரு வாய்ப்பு நீதிபதிகளுக்கு வந்திருக்க முடியாது. ஒரே அடியில் இரண்டையும் நிறுத்தியிருக்கலாம்.

ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் அவர்கள் மறுத்தார்கள். தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ், இந்த அளவுக்கு மீறிய கட்சிச் சூழ்ச்சி ஜனநாயகக் கோட்பாடுகளோடு ஒத்துப்போகாது என்பதை ஏற்றுக்கொண்டே, எது நியாயமான பங்கு என்று அளக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களிடம் அளவுகோல் இல்லை, மாநிலங்களும் நாடாளுமன்றமும் பார்த்துக்கொள்ளட்டும் என்று எழுதினார். எலினா கேகன் மறுப்புத் தீர்ப்பை அவையில் உரக்க வாசித்தார். மேலே சொன்ன 3,000 வரைபடங்கள் அவர் எடுத்துக்காட்டியவை. அளவுகோல் கையில் இருந்தது. எந்த வரைபடம் சற்றுச் சாய்ந்தது என்று தேட வேண்டாம், எல்லை கடந்து எங்கோ போய்விட்டதை மட்டும் தடுத்தால் போதும் என்பதே அவருடைய வாதம். அதை வாசித்த இரவு எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் தணியவில்லை. பார்த்துக்கொள்ளட்டும் என்று நீதிமன்றம் கைகாட்டிய சட்டமன்றங்களே அந்த வரைபடங்களால் காக்கப்பட்டவை. பூட்டியவனிடமே சாவியைக் கேள் என்று சொல்லிவிட்டார்கள்.

அண்ணாவை மறுபடியும் அழைத்தேன். “நீங்களும் நானும் ஒரே வழக்கில் தோற்றவர்கள் அண்ணா” என்றேன். இரண்டு கட்சிகளும் செய்கின்றன என்பது விட்டுத் தள்ளுவதற்குக் காரணம் ஆகாது, இரண்டு தரப்பிலும் அதனால் வாயடைக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள் என்பதற்கே அது சாட்சி என்று சொன்னேன். அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. “சரி தம்பி, மேரிலாந்தில் எங்களுக்கு இரண்டு இடங்களைத் திருப்பிக் கொடுத்தால் உங்கள் கட்சிக்கு நாட்டுக் கணக்கில் இரண்டு குறையும். அப்போதும் வேண்டும் என்பீர்களா?” என்று கேட்டார். வேண்டும் என்றேன். அந்தக் கேள்விக்கு வேறு பதில் சொல்பவர்களோடு இந்த விஷயத்தைப் பேசுவதில் பயனில்லை என்றே நினைக்கிறேன்.

மாநிலத்தை வென்றவர்

2019க்குப் பிறகு இங்கே நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மாநில நீதிமன்றங்கள் தலையிட்டன. 2020இல் எட்டுக்கு ஐந்து. 2022 பிப்ரவரியில் மாநில உச்ச நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் சட்டமன்றத்தின் புதிய வரைபடத்தை ரத்து செய்தது. அதனால் வந்ததே ஏழுக்கு ஏழு. அதே நவம்பரில் நீதிபதிகள் தேர்தலில் நீதிமன்றத்தின் பெரும்பான்மை மாறியது. 2023 ஏப்ரலில் புதிய பெரும்பான்மை, ஓராண்டுக்கு முந்தைய தீர்ப்பை மாற்றி எழுதியது. அரசியலமைப்பில் ஒரு சொல்லும் மாறவில்லை. அக்டோபரில் புதிய வரைபடம் வந்தது.

அந்த வரைபடத்தில் ஜெஃப் ஜாக்சன் என்ற உறுப்பினரின் தொகுதி, அவர் வெல்லவே முடியாதபடி மாறியது. அவர் அதில் நிற்கவில்லை. அட்டர்னி ஜெனரல் பதவிக்கு, அதாவது மாநிலம் முழுவதற்கும் போட்டியிட்டு 2024இல் வென்றார். அவர் விட்டுச்சென்ற தொகுதியை வென்று வாஷிங்டன் போனவர் டிம் மூர். வரைபடத்தை நிறைவேற்றிய மாநில சபையின் தலைவர் அவர்தான். ஒரு தொகுதிக்கு ஆகாதவர் என்று கோடு ஒதுக்கிய மனிதரை மாநிலமே ஏற்றுக்கொண்டது. இந்த இருவரின் கதைக்கு மேல் எந்தச் சூத்திரமும் எனக்குத் தேவைப்படவில்லை.

2025இல் நிலைமை இன்னும் மோசமானது. கணக்கெடுப்பு வரைகூடக் காத்திருக்காமல் டெக்சஸ், குடியரசுக் கட்சிக்கு ஐந்து இடங்களைக் கூட்டும் நோக்கத்தோடு வரைபடத்தை மாற்றியது. மிசூரி தொடர்ந்தது. அக்டோபரில் வட கரோலைனா, 2024இல் உண்மையான போட்டி நடந்த அந்த ஒரே தொகுதியையும் மாற்றி வரைந்தது. பதிலடியாகக் கலிஃபோர்னியா, நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, தன் சுதந்திரமான ஆணையம் வரைந்த வரைபடத்தை 2030 வரை ஒதுக்கிவைத்தது. என் நண்பர்கள் பலர் அதைக் கொண்டாடினார்கள். நான் கலிஃபோர்னியாவில் இருந்திருந்தால் எதிர்த்தே வாக்களித்திருப்பேன். டெக்சஸ் சட்டமன்றம் செய்ததற்குக் கலிஃபோர்னியாவின் சென்ட்ரல் வேலியில் வசிக்கும் குடியரசுக் கட்சி வாக்காளர் ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும்? ஒரு தரப்பு மட்டும் ஆயுதத்தைக் கீழே போட்டால் என்ன ஆகும் என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியின் கனம் எனக்குத் தெரியும். ஆனால் அண்ணாவிடம் வேண்டும் என்று சொன்ன வாயால் இதற்கு ஆமாம் என்று சொல்ல முடியாது.

எனக்குப் பிடித்த வழி ஒன்று இல்லினாய் மாநிலத்தில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நடைமுறையில் இருந்தது. 1870 முதல் 1980 வரை அங்கே மாநிலக் கீழ்சபைக்குத் தொகுதிக்கு மூன்று பேர். வாக்காளருக்கு மூன்று வாக்குகள். மூன்றையும் ஒருவருக்கே கொடுக்கலாம். அதனால் சிகாகோவில் குடியரசுக் கட்சியினரும், தெற்குப் பகுதிகளில் ஜனநாயகக் கட்சியினரும் தொடர்ந்து சபைக்குப் போனார்கள். பல உறுப்பினர் தொகுதியில் கோட்டை எங்கே போட்டாலும் இவ்வளவு பெரிய லாபம் கிடைக்காது. மாசசூசெட்ஸ் குடியரசுக் கட்சியினரின் சிக்கலுக்கும் அதில் விடை இருக்கிறது. பிரதிநிதிகள் சபைக்குத் தொகுதிக்கு ஒருவர்தான் என்பது 1967இல் நாடாளுமன்றம் இயற்றிய சாதாரணச் சட்டம். நாடாளுமன்றமே அதை மாற்றலாம். ஆனால் இப்போது அங்கே இருப்பவர்கள் அதைச் செய்வார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மிச்சிகனில் 2018இல் மக்களே கையெழுத்து திரட்டி, வாக்கெடுப்பில் வென்று, வரையும் அதிகாரத்தைச் சட்டமன்றத்திடமிருந்து பிடுங்கிப் பதின்மூன்று குடிமக்கள் கொண்ட ஆணையத்திடம் கொடுத்தார்கள். வட கரோலைனாவில் அந்த வழி இல்லை. மக்கள் முன்முயற்சி வாக்கெடுப்பு என்பதற்கு இந்த மாநிலத்தின் அரசியலமைப்பு இடம் தரவில்லை. ஆளுநருக்கும் தொகுதி வரைபடங்களை ரத்து செய்யும் வீட்டோ அதிகாரம் கிடையாது. 15 சதவீத வித்தியாசத்தில் வென்ற ஆளுநர் 2025இல் அறிக்கை விடுவதோடு நிற்க வேண்டியிருந்தது.

மிஞ்சுவது மாநில உச்ச நீதிமன்றம். நீதிபதிகள் கட்சிப் பெயரோடு தேர்தலில் நிற்பது எனக்குப் பிடித்த ஏற்பாடு இல்லை. 2022இல் அதன் விலையை இந்த மாநிலம் கொடுத்தது. ஆனால் அந்தத் தேர்தலில் எந்த வாக்கும் வீணாக வழிவதில்லை, எதுவும் கரைவதில்லை. 2024இல் நீதிபதி அலிசன் ரிக்ஸ், 55 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகளில் 734 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். தோற்றவர் தொடுத்த வழக்கு முடிய ஆறு மாதம் ஆனது. ஏழு பேர் கொண்ட அந்த நீதிமன்றத்தில் 2026 நவம்பரில் ஓர் இடத்துக்குத் தேர்தல், 2028இல் மூன்று இடங்களுக்கு. 2030 கணக்கெடுப்புக்குப் பிந்தைய வரைபடம் வழக்காக வரும்போது அங்கே உட்கார்ந்திருக்கப்போகிறவர்களில் பெரும்பான்மையினரை அந்த இரண்டு தேர்தல்களே முடிவு செய்யும். நான்கு இடங்களுக்கும் மாநிலம் முழுவதும் ஒரே தொகுதி.